விழாத லிஃப்ட்

ஜனவரி 9

பேரன்புக்குரிய அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஒன்றரை ஆண்டுகள் என் சட்டைப்பையில் வாழ்ந்து, மூன்று முறை தரையிலும் ஒரு முறை வாளியிலும் விழுந்து, அப்போதும் மனம் தளராத என் கைப்பேசி, சென்ற வெள்ளிக்கிழமை மாலை ஆறே கால் மணிக்கு அப்பாவின் கருவிப்பெட்டிக்குள் ஐக்கியமாகிவிட்டது. ஸ்பானருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் நடுவே நல்லடக்கம். மலர்வளையம் வேண்டாம். இங்ஙனம், துயரத்தில் வாடும் சார்ஜர்.

நான் நலம். நீ நலமா? உன் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்திருப்பதாக அம்மா சொன்னாள். அதுவும் நலமா?

நான் செய்த குற்றம் இதுதான். நம் கட்டடத்து லிஃப்டில் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதன் கீழே ஒரு தாள் ஒட்டினேன்: "கண்ணாடியில் தெரியும் முகத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." பொதுநலச் சேவை. ஆனால் செயலாளர் மாமாவின் மனைவி அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்கின் மகனே லிஃப்டில் கைவைக்கலாமா என்று அப்பாவைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுவிட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார். ஜூனில் அடுத்த வகுப்பு தொடங்கும்வரை போன் கிடையாது. ஒரு வரிக்கு ஆறு மாதச் சிறை! எழுத்துச் சுதந்திரம் எங்கே?

நீ அனுப்பிய பென் டிரைவ் சோப்புப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி பத்திரமாக வந்தது. "ஓட்டிப் பார், எழுது" என்று துண்டுச்சீட்டில் எழுதியிருந்தாய். எதை, எப்படி என்று விவரம் எழுது. அம்மாவின் போனில் உன்னைக் கேட்கலாம்தான். ஆனால் அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், ரகசியம் ஐந்து மாடிக்கும் ஒலிபரப்பாகும். ஆகவே தபால்.

பயமுறுத்தும் கேமாமே? என்னையா? பயம் என்னைத் தெருவில் பார்த்தால் "வாங்கண்ணே" என்று எழுந்து நிற்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
போனிழந்த புலவன்


ஜனவரி 20

டேய் வாலு,

நலம். கருவளையமும் நலம், நாளொரு மேனியாக வளர்கிறது. உன் போனுக்கு என் அனுதாபம். நீ ஒட்டிய அந்த வரியைப் படித்துத் தாடி நாற்காலியோடு சாய்ந்துவிட்டான். தாடி என்பவன் என் கூட்டாளி, கேமுக்கு இசை அமைப்பவன். நாங்கள் இருவர்தான் மொத்தக் கம்பெனி. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை.

கேமின் பெயர் "ஏழாம் மாடி". நாம் பிறக்கும் முன்பே வந்த பழைய டி.வி. கேம் மாதிரி இருக்கும். முகமெல்லாம் கட்டம் கட்டமாக, கேமரா ஒரே மூலையில் நின்றபடி. கதை பழைய இத்தாலியத் திகில் படங்களின் சாயலில். ஒரு பியானோ பழுது பார்ப்பவள் ஏழு மாடிக் கட்டடத்துக்கு வேலைக்கு வருகிறாள். கறுப்புத் தோல் கையுறை போட்ட ஒருவன் பின்தொடர்கிறான். முகம் காட்ட மாட்டான். சுவரெல்லாம் காரணமில்லாமல் சிவப்பு, நீல வெளிச்சம். கட்டடம் முழுக்க மூன்றே இடத்தில்தான் ஆட்டத்தைச் சேமிக்க முடியும், செத்தால் அங்கிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

மே 31 அன்று வெளியிடுகிறோம். அதற்குள் யாராவது கடைசிவரை விளையாடி, எங்கே முட்டுகிறது என்று உண்மையாக எழுதித் தர வேண்டும். செய்தால் கேமின் முடிவில் "தலைமைச் சோதனை அதிகாரி" என்று உன் பட்டப்பெயர் வரும்.

ஒரே நிபந்தனை. அப்பா கண்ணில் படக்கூடாது. போன ஜூனில் நீ டியூஷனில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆசையாக அவரிடம்தான் முதலில் காட்டினேன். கையுறை கயிற்றை அறுக்கும், லிஃப்ட் ஏழாவது மாடியிலிருந்து விழும், அதுதான் உச்சம். "லிஃப்ட் அப்படி விழாதுடி" என்றார். "கதைதானேப்பா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். "முப்பது வருஷமா அது விழாம இருக்கத்தான் நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஏழு மாதமாகிறது, ஒரு வார்த்தை இல்லை. நான் அம்மாவுக்குப் போன் போட்டால் பின்னால் டி.வி. சத்தம் கூடும். மூன்று வருட உழைப்புடா! நன்றாக இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டாமா? அவர் மன்னிப்புக் கேட்காமல் நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்.

அம்மாவின் முட்டி வலி எப்படி? எழுது.

அக்கா


பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய கம்பெனியின் பாதி முதலாளிக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முட்டி மழைக்கு மட்டும் முனகுகிறது.

கடுமையான கண்டனங்களைப் பதிவு செய்கிறேன். முதலாவது, உன் பியானோக்காரி திரும்புவதற்குள் எனக்கு மீசை முளைத்துவிடும். சந்துக்குள் லாரி ரிவர்ஸ் எடுப்பது போல் திரும்புகிறாள். இரண்டாவது, ஆட்களின் வாய் ஒரு வண்டியில் போகிறது, வார்த்தை அடுத்த வண்டியில் வருகிறது. மூன்றாவது, ரத்தமா அது? சுவருக்கு அடிக்கும் பெயிண்ட். நான்காவது, எல்லோர் மூக்கும் முக்கோணம். கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கத்தானே கேம் விளையாடுகிறோம்?

பயமா? சே. காலை பத்து மணிக்கு, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருக்க, ஒற்றைக் கையால் விளையாடினேன். ஜன்னல் காற்றுக்காக. அம்மா தற்செயலாக. மூன்றாம் மாடிவரை சும்மா தட்டிவிட்டுப் போனேன். கொட்டாவிகூட வந்தது.

அப்பா நலம். உன்னைப் பற்றிப் பேச்சில்லை.

தம்பி,
சோதனைக்கே சோதனை


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

நலம். உன் பதில் வருமுன் இன்னொரு கடிதம். அவசரம்.

1. நான்காம் மாடியில் லிஃப்ட் இல்லாதபோது வெளிக்கதவு திறக்கிறது. திறக்காது. லிஃப்ட் அந்த மாடிக்கு வந்து நின்றால்தான் பூட்டு விடும்.

2. கயிறு ஒன்றுதான் காட்டப்பட்டுள்ளது. ஆறு இருக்க வேண்டும். கையுறைக்காரர் ஆறையும் கத்தியால் அறுக்க ஒரு வாரம் ஆகும். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

3. ஆறும் அறுந்தாலும் விழாது. வேகம் கூடியதும் அடியில் உள்ள தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். சில அடிக்குள் நின்றுவிடும்.

4. பொத்தான் பலகையில் அவசர மணி இல்லை. இது மன்னிக்க முடியாதது.

5. மூன்றாம் மாடி சேமிப்பு இடத்துக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையில் தூரம் அதிகம். ஒன்பது முறை சாக வேண்டியிருந்தது. ஆயினும் வராந்தாவில் நீல விளக்கு அணைந்து சிவப்பு வரும் இடம் நன்று.

எல்லாம் நானே யோசித்தது. எனக்குள் இப்படி ஒரு பொறியாளர் ஒளிந்திருந்தது எனக்கே ஆச்சரியம்.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தம்பி


பிப்ரவரி 25

வாலு,

நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். அம்மா நலமா?

முதல் கடிதத்துக்குப் பதில்: வாயும் வார்த்தையும் ஒட்டாதது வேண்டுமென்றே. அந்தப் படங்களில் குரலைப் பிறகுதான் சேர்ப்பார்கள், ஆகவே பேசுகிறவர் வேறு யாரோ போலத் தோன்றும். அதற்கு நாங்கள் நாலு மாதம் செலவழித்தோம். அதைப் போய் வண்டி என்கிறாய்.

இரண்டாவது கடிதத்துக்குப் பதில்: உனக்கு வயது பதினைந்தா, ஐம்பத்தைந்தா? "ஆயினும்", "நன்று" எல்லாம் எப்போதிருந்து உன் வாயில் வருகிறது? அப்பாவிடம் காட்டினாயா? உண்மையைச் சொல்.

பயமாக இருக்கிறதா என்றுதானே கேட்டேன்! பழுது பார்த்து ரிப்போர்ட் எழுதச் சொன்னேனா? இது லிஃப்ட் அல்ல, லிஃப்டின் கனவு. கனவுக்கும் பூட்டு, தாடை, தண்டவாளமா? நான் ஆறு வயதில் படகு வரைந்தபோதும் "துடுப்பு எங்கே?" என்றுதான் கேட்டார். அழகாக இருக்கு என்று ஒரே ஒரு தடவை சொன்னால் குறைந்தா போவார்?

லிஃப்ட் விழும். நான் மாற்றப் போவதில்லை.

அக்கா


மார்ச் 8

கோபக்கார அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலம், அவமானப்பட்டவன் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு.

அப்பாவா? அவருக்கும் கணினிக்கும் ஏழாம் பொருத்தம். அவர் கிட்டே வந்தாலே அது தானாக அணைந்துவிடும். சுயமாகச் சிந்திக்கும் ஒரு சிறுவனை இப்படியா சந்தேகிப்பது? என் மனம் உடைந்து ஆறு துண்டாகிக் கிடக்கிறது, ஆறையும் எண்ணிப் பார்த்துக்கொள்.

விளையாட்டை விட்டு ஒன்று சொல்கிறேன். போன சனிக்கிழமை அப்பா என்னையும் வேலைக்கு இழுத்துப் போனார். தாள் ஒட்டிய பாவத்துக்குப் பரிகாரமாம், டார்ச் பிடிக்க வேண்டும். ஓர் அலுவலகக் கட்டடத்தில் மின்சாரக் கோளாறு, ஒரு பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. அப்பா கருவிப்பெட்டியைத் திறக்கவேயில்லை. முதலில் வெறுந்தரையில் கதவோரம் உட்கார்ந்தார். "அம்மா, நான் மெக்கானிக். இங்கேயேதான் உக்காந்திருக்கேன். இது விழாது. விழவே விழாதும்மா" என்றார். உள்ளேயிருந்து, "விழும், நான் படத்துல பாத்திருக்கேன்" என்று குரல் வந்தது. உதவியாளர் மேலே போய்ச் சரி செய்ய நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அப்பா அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில்தான் வெடித்தார். "படம் எடுக்கறவனுக்கு என்ன போச்சு? அழறவங்க எங்கிட்டதானே அழறாங்க!"

யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்னும் வாக்குரிமை வரவில்லை.

கொசுறாக ஒரு தகவல். லிஃப்டைத் தூக்கும் கயிற்றின் மறுமுனையில் ஒரு எடைக்கட்டு தொங்கும். ஒரே ஒரு ஆள் ஏறியிருந்தால் அவரைவிட அந்தக் கட்டுதான் கனம். ஆகவே மேலே, மோட்டார் இருக்கும் மிஷின் ரூமில் யாராவது பிரேக்கைக் கையால் விடுவித்தால் லிஃப்ட் கீழே வராது. மேலே போகும். தானாக, மோட்டார் சத்தமே இல்லாமல். ஏறுகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதில்லையாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


ஏப்ரல் 19

வாலு,

நலமா? அம்மா, அப்பா நலமா? ஆறு வாரம் எழுதவில்லை. முதல் வாரம் உன் கடிதத்தைக் கசக்கி எறிந்திருந்தேன். இரண்டாம் வாரம் தாடி அதை எடுத்து நீவி, மானிட்டருக்குக் கீழே வைத்தான். மூன்றாம் வாரம், ஒரு தடவை சும்மா செய்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

விழும் காட்சியைத் தூக்கிவிட்டேன். இப்போது கையுறை, கயிற்றைத் தொடுவதே இல்லை. பியானோக்காரி தனியாக லிஃப்டில் ஏறி, தப்பிக்கக் கீழ்த்தளப் பொத்தானை அழுத்துகிறாள். மேலே மிஷின் ரூமில் கையுறை பிரேக் கைப்பிடியை மெதுவாகத் தூக்குகிறது. லிஃப்ட் மேலே போகிறது. நான்கு, ஐந்து, ஆறு. அவள் கீழ்ப்பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். இந்த இடத்துக்கு இசை போட உட்கார்ந்த தாடி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் வேணாம். இப்படியே விடு" என்று டீ குடிக்கப் போனவன் ஒரு மணி நேரம் திரும்பவில்லை.

என் கதையை ஒரு பழுதுபார்ப்பு ரிப்போர்ட் திருத்தியது எனக்குப் பிடிக்கவில்லை. அது சரியாக இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை. அவசர மணி வைத்தாயிற்று. ஆறு கயிறு வைத்தாயிற்று. திருப்தியா?

புதிய பென் டிரைவ் இதோடு வருகிறது. மிஷின் ரூம்தான் முடிவு. அங்கே போகிறவர் சுவர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். மே 25க்குள் எழுது. அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

அக்கா


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

அனைவரும் நலம். வெற்றி! இரண்டு மணி பத்து நிமிடத்தில், ஒரு தடவைகூடச் சாகாமல், முடித்துவிட்டேன். கடைசியில் கையுறைக்காரன் என்னைப் பார்த்து, கையுறையைக் கழற்றிக் கைகொடுக்காத குறைதான். லிஃப்ட் மேலே போகும் இடமா? ஓ, பார்த்தேன். தாலாட்டு. அந்த நேரத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

குறை ஒன்று: நான்காம் மாடிக் கதவு இன்னமும் திறக்கிறது.

முடிவு மிக அருமை, மிகப் பொருத்தம், மிக முடிவாக இருந்தது.

தம்பி,
தலைமைச் சோதனை அதிகாரி


மே 8

வாலு,

நலம். ஒரே கேள்வி. மிஷின் ரூம் சுவரில் என்ன இருந்தது?

அக்கா


மே 17

அன்பு அக்காவுக்கு,

நலமா? இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் சுமார்.

உன் கேள்வி வந்து நாலு நாள் ஆகிறது. "ஒரு பேய்" என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். "ஒரு பல்லி" என்று எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்தேன். சுவரில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அங்கே போகவில்லை. மூன்றாம் மாடிக்கும் போகவில்லை. இரண்டாம் மாடியில், குளியலறைக் கதவு இடுக்கில் அந்தக் கையுறை வந்ததும் கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். நான் போட்ட கத்தலில் அம்மா மடித்த துணி எல்லாம் கீழே. அன்று ஞாயிறு, அப்பா வீட்டில் இருந்தார். ஃப்யூஸ் போய்விட்டது என்று டெஸ்டரோடு வந்து வயரைச் சொருகினார். திரையில் உன் கட்டடம் வந்தது.

"அவளோடதுதானே?" என்றார்.

"அக்காவோடதுதான்."

அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஞாயிறு தோறும், மற்ற நாளில் வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம். ஒன்பது முறை செத்தது அவர்தான். "எங்கேயோ கதவுக்குப் பின்னாடி நிக்கிறான் பாரு, ராஸ்கல்" என்று கையுறைக்காரனைத் திட்டிக்கொண்டே விளையாடுவார். குறைகளைச் சர்வீஸ் புத்தகத்தில் எழுதித் தருவார், நான் காப்பி அடிப்பேன். நீல விளக்கு நன்று என்பதும் அவர் எழுதியதுதான்.

"நீங்கதான் விளையாடுறீங்கன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம். நான் சொன்னேன்னா மாத்த மாட்டா" என்றார். உண்மைதானே?

லிஃப்ட் மேலே போகும் விஷயத்தை எழுதும்போது மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்தார். "முப்பது வருஷத்துல வெளி ஆள் யார்கிட்டயும் சொன்னதில்லடா. கேட்டா பயந்துடுவாங்க." அப்புறம், "அவ பயமுறுத்தத்தானே பாக்கறா, எழுது" என்றார்.

முந்தின கடிதம் அவர் முடிக்கும் முன்பே நான் அவசரப்பட்டு அவிழ்த்த புளுகு. அவர் முடித்தது இன்று காலைதான். சுவர்ப்பக்கம் திரும்பினார். நானும் விரலிடுக்கில் பார்த்தேன். மாதாந்திரப் பரிசோதனை அட்டை. பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டிலும் அப்பாவின் கையெழுத்து. கட்டம் கட்டமான எழுத்துதான், ஆனால் அவருடையது.

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார். "அவளுக்கு என் கையெழுத்து எப்படித் தெரியும்?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நான் கூரையைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "ஒன்பதாவது படிக்கறப்போ ரேங்க் கார்டுல எனக்குப் பதிலா அவளே போட்டதைவிட நல்லா வந்திருக்கு. அப்ப அந்தக் கடைசிச் சுழி வராது."

தெரியுமாம் அக்கா! அத்தனை வருடமும் தெரியுமாம்! என் கணக்குப் பேப்பரை மட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்தாரே, இது என்ன நியாயம்?

"கூப்பிட்டுப் பேசுங்களேன்" என்று அம்மா போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் போடுவாள் என்று அவருக்கும் தெரியும். "போன்ல என்ன பேசறது? மிஷின் ரூமைப் பாக்காமலே வரைஞ்சிருக்கா. பிரேக் கைப்பிடி அந்தப் பக்கம் வராது. கேம் வேலை முடிஞ்சதும் வரச் சொல்லு, கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. நம் வீட்டு அகராதியில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, உன் பிரதியிலும்தான். வந்துவிடு.

தலைமைச் சோதனை அதிகாரி யார் என்று நீயே முடிவு செய்துகொள். எனக்கு ஆட்சேபணை இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. எழுதாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். பிப்ரவரியிலிருந்து நான் ஐந்து மாடியும் படியில்தான் ஏறுகிறேன். அம்மாவிடம் உடற்பயிற்சி என்று சொன்னேன். அந்த எடைக்கட்டு விஷயம் தெரிந்த பிறகு இன்னும் மோசம். கால் வலித்தால், தண்ணீர்க் கேன் போடுகிறவர் நாலு கேனோடு வரும்வரை கீழே காத்திருந்து அவரோடு ஏறுவேன். கனம் சேர்ந்தால் மேலே பறக்காது அல்லவா?

அப்பா எதையும் கேட்கவில்லை. இன்று மாலை கடைக்குப் போய்விட்டு வந்தோம். லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார். ஏறினேன். அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் மாடியில் விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன்.

விடவில்லை அக்கா. ஐந்தாம் மாடியில் கதவு திறந்த பிறகும்.

உன் தம்பி